அம்மா பிழைத்துவிட்டார், நான்தான் இன்னும் அந்த ஓகஸ்ட் மாதத்திலேயே நிற்கிறேன்

வெள்ளவத்தை மகள் (கேள்வி)

வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று பல நாட்கள் தயங்கிய பிறகே இதை எழுதுகிறேன்.

2021 ஓகஸ்ட் மாதம், டெல்டா திரிபு கொழும்பில் மிக வேகமாகப் பரவிக்கொண்டிருந்த நாட்களில், எழுபத்தொரு வயதான என் அம்மாவுக்குக் கொவிட் தொற்றியது. வைத்தியசாலைகளில் கட்டில் கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது. ஆகவே 1390 என்ற இலக்கத்துக்கு அழைத்து வீட்டுப் பராமரிப்பில் பதிவு செய்துகொண்டு, எங்கள் இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டிலேயே அவரை எட்டு நாட்கள் வைத்துப் பார்த்தேன். கணவரும் பிள்ளைகள் இருவரும் மற்ற அறையில் இருந்தார்கள். அப்பா கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். நான் இரண்டு முகக்கவசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொண்டு, அம்மாவின் அறைக்கும் சமையலறைக்கும் இடையே இரவு பகலாக நடந்தேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா ஒரு நாளில் நான்கைந்து தடவை வட்ஸ்அப்பில் அழைத்து, கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாயா, ஆவி பிடிக்க வைத்தாயா, அந்த மருந்தைக் கேட்டாயா என்று விசாரிப்பார். அவரது கவலை எனக்குப் புரியாமலில்லை. ஆனாலும் ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் நான் ஏதோ ஒன்றைச் செய்யத் தவறிவிட்டேன் என்ற எண்ணமே மிஞ்சியது.

பிள்ளையின் சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு போட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை காய்ச்சல், ஒக்சிசன், நாடித்துடிப்பு, கொடுத்த மருந்து என்று எழுதி வந்தேன். ஒக்சிமீற்றரை விரலில் மாட்டிவிட்டு, அதில் எண் ஒன்று தெரிந்து, ஏறி இறங்கி, ஓரிடத்தில் நிலைகொள்ளும் வரையுள்ள அந்தச் சில விநாடிகளில் நானும் மூச்சை அடக்கிக்கொண்டே நிற்பேன். 94க்குக் கீழே இறங்கினால் உடனே அழைக்கும்படி சொல்லியிருந்தார்கள். ஆறாம் நாள் 95, 94, 95, 94 என்று ஊசலாடியது.

ஏழாம் நாள் இரவு மூன்று மணியளவில், குப்புறப் படுக்கும்படி எவ்வளவு மன்றாடியும், நெஞ்சு நோகிறது என்று அம்மா மறுத்தார். நான் கத்திவிட்டேன். "உங்களுக்கு ஏதும் நடந்தால் எல்லாரும் என்னைத்தான் கேட்பினம்" என்று சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் பின்னேரம் ஒக்சிசன் 88க்கு இறங்கியது. பாதுகாப்பு அங்கி அணிந்த இருவர் வந்து அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டு போனார்கள். நான் கூடப் போக முடியாது என்றார்கள். மின்தூக்கியின் கதவு மூடும்போது அம்மா என்னைப் பார்க்கவில்லை. கோபத்தினால் பார்க்கவில்லையா, மூச்சுவிட முடியாததால் பார்க்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த பன்னிரண்டு நாட்களும், அம்மாவிடம் நான் கடைசியாகச் சொன்னது அந்த வசனமாகவே போய்விடுமோ என்ற பயத்தோடு கிடந்தேன்.

அம்மா வீடு திரும்பினார். இரண்டு மாதங்கள் மூச்சிரைப்பும் மறதியும் இருந்தன, பிறகு தேறினார். இன்று எழுபத்தைந்து வயதில் தானே நடந்து கோயிலுக்குப் போய் வருகிறார். இதை யாரிடமாவது சொல்ல வாயெடுத்தால், "அதுதான் அம்மா தப்பிட்டாவே, பிறகென்ன?" என்கிறார்கள். அந்தப் பேச்சில் பிழை இல்லை. நாளொன்றுக்கு இருநூறு பேர் வரை இறந்த மாதத்தில் என் அம்மா திரும்பி வந்தார். அப்படியிருக்க, அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இப்போது எழுதுவதற்குக் காரணம், அடுத்த மாதம் அப்பாவுக்கு இதயத்தில் பைபாஸ் சத்திர சிகிச்சை நடக்கவிருக்கிறது. முன்னேற்பாடாக லாச்சியில் கிடந்த ஒக்சிமீற்றரை எடுத்துப் புது பற்றரி போட்டேன். அந்தச் சிறு ஒலி கேட்டதும் கை நடுங்கி, அதைக் கீழே போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். நான்கு வருடங்களுக்குப் பிறகும் இப்படி நடக்கிறதே, இது எனக்கு மட்டும்தானா? அப்பாவை நான் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும், பார்த்துக்கொள்ளவும் விரும்புகிறேன். ஆனால் என்னால் முடியுமா என்பதுதான் தெரியவில்லை. அந்தக் காலத்தில் வீட்டில் ஒருவரைப் பராமரித்தவர்கள் தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைவாசி

அக்கா, உங்கள் பதிவின் தலைப்பைப் பார்த்தவுடன் எனக்குக் கோபம் வந்தது. என் அப்பா 2021 செப்டெம்பர் முதல் வாரத்தில் இறந்தார். உங்கள் அம்மா உயிரோடு இருக்கிறார் என்ற ஒரு வரியிலேயே நின்றுகொண்டு, பக்கத்தை மூடிவிட்டுப் போனேன். இரவு மீண்டும் வந்து முழுவதையும் வாசித்தேன். அந்த மூன்று மணிப் பகுதியை வாசித்தபோது உங்களை நினைக்கவில்லை. என் மனைவியை நினைத்தேன்.

அப்பாவைப் பராமரித்தவர் அவர்தான். நான் துறைமுகப் பக்கம் அத்தியாவசியச் சேவையில் இருந்தபடியால் ஊரடங்கு அனுமதிப் பத்திரத்தோடு காலையில் போய் இரவில் வருவேன். அப்பாவுக்குக் கஞ்சி பருக்கியது, வாந்தி எடுத்த துணிகளை வெந்நீரில் ஊறவைத்தது, காய்ச்சல் உச்சத்தில் அவர் என் இறந்துபோன அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது "ஓம், இங்கேதான் இருக்கிறேன்" என்று பதில் சொன்னது, எல்லாம் அவர்தான். அப்பா வைத்தியசாலையில் இறந்தார். முத்திரையிட்ட பெட்டியைத் தகனசாலையில் எங்களில் சிலர் மட்டும் தள்ளி நின்று பார்த்தோம். சுவாமி ஐந்து நிமிடங்கள் செபம் சொன்னார். தலைமுறை தலைமுறையாகக் கல்லறையில் மண் அள்ளிப் போட்டு வந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் கைகளில் போடுவதற்கு மண் இல்லை.

அதன்பின் அனுதாபம் சொல்ல எடுத்த ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் எனக்குத்தான் வந்தது. மகன் என்பதால் என்னைத் தேற்றினார்கள். மருமகளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, வீட்டில் சாதாரண வாக்குவாதம் ஒன்றின் நடுவே, "உங்கட அப்பாவுக்கு அண்டைக்குக் காலையில் நான் தண்ணி கொடுக்கப் பிந்திப் போச்சு" என்று சொல்லிவிட்டு விம்மி அழுதார். ஒரு வருடமாக அந்தத் தண்ணீரைத் தன் நெஞ்சுக்குள் சுமந்திருக்கிறார். அன்றைக்குத்தான் என் வீட்டில் துக்கம் காத்த இன்னொருவர் இருப்பதை நான் கண்டேன்.

ஆகவே உரிமையைப் பற்றிக் கேட்காதீர்கள் அக்கா. இறந்தவர்கள் வீட்டில் இருந்து சொல்கிறேன்: நீங்கள் அழுவதால் எங்கள் துக்கத்தில் எதுவும் குறைந்துவிடாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

பிள்ளை, உம்மைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு வயது எண்பதை நெருங்குகிறது. 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டை இழந்து, இரத்மலானை விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோருடன் நிலத்தில் படுத்து, பின் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவன் நான். நடக்கமுடியாத என் தாயாரை அந்த நெரிசலில் என் மனைவியும் சகோதரிகளும் பராமரித்தார்கள். அதை யாரும் ஒரு நோயாகப் பேசவில்லை. கடமையாகக் கருதிச் செய்து முடித்தோம். பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் பாக்கியம். நடந்ததை மீண்டும் மீண்டும் தோண்டிக்கொண்டிருந்தால் மனம் இன்னும் பலவீனப்படும் என்பது என் அனுபவம். இறைவனை வேண்டிக்கொண்டு அப்பாவின் காரியத்தில் கவனம் வையும். உம்மால் முடியும்.

கொம்பனித்தெரு சகோதரி

அஸ்ஸலாமு அலைக்கும். ஆசிரியர் ஐயாவுக்கு மரியாதையுடன் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது, ஐயா. உங்கள் மனைவியோடு உங்கள் சகோதரிகளும் இருந்தார்கள். ஆயிரம் பேர் நடுவில் இருந்தீர்கள். ஒருவர் கண்ணயர்ந்தால் இன்னொருவர் விழித்திருந்திருப்பார். நம் ஆட்களின் வழக்கமே அதுதானே. ஒருவருக்குச் சுகமில்லை என்றால் தோடம்பழமும் நெஸ்டமோல்ட்டும் வாங்கிக்கொண்டு சுகம் விசாரிக்க வருவார்கள்; மௌத்தான வீட்டில் அடுப்பு எரியாது, அயலவர்தான் சோறு கொண்டு வருவார்கள். யுத்தமும் சுனாமியும் வந்தபோதும் மனிதர்கள் ஒருவரை ஒருவர் தேடி ஓடினார்கள். இந்த நோய் ஒன்றுதான் வாசலிலேயே எல்லாரையும் நிறுத்தியது. எங்கள் வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போன பிறகு, இருபது வருடங்களாக எங்களோடு பழகிய பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலைக் கடக்கும்போது மறுபக்கச் சுவரோடு ஒட்டி நடந்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள்.

எங்கள் கதை 2021 ஜனவரி மாதத்தில் நடந்தது. அப்போது கொவிட்டால் மரணிப்பவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. 2020 ஏப்ரல் மாத வர்த்தமானியோடு வந்த அந்த விதி 2021 பெப்ரவரி கடைசியில்தான் மாறியது. அடுத்த மாதம் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கொடுத்தார்கள். இடைப்பட்ட அந்த மாதங்களில் எங்கள் வீடுகளில் காய்ச்சலைப் பராமரிப்பது எப்படி இருந்தது என்பதை வெளியில் இருந்தவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். இருமல் சத்தம் தெருவுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று உம்மா தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமுவார். வைத்தியசாலைக்குப் போவோம் என்று நான் கெஞ்சியபோது, என் கையைப் பிடித்து, "என்னை எரிக்க விடமாட்டேன் என்று சொல்லு மகள், அப்ப வாறன்" என்றார்.

என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. அது என் கையில் இல்லாத ஒன்று. பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம் என்று பலர் கூறினார்கள். உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நான் பேசாமல் இருந்தேன். அல்ஹம்துலில்லாஹ், அவர் வீட்டிலேயே தேறினார். 2024 ஜூலையில் அந்தக் கட்டாயத் தகனத்துக்கு மன்னிப்புக் கோர அமைச்சரவை முடிவெடுத்தது என்று செய்தியில் வாசித்தபோது, உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. தங்கச்சி, உங்களுக்கு மட்டும்தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. எனக்கும் உம்மா இருக்கிறார், எனக்கும் தூக்கத்தில் அந்த இருமல் கேட்கிறது.

முன்னாள் தாதி

மகள், நான் முப்பத்து மூன்று வருடங்கள் அரச வைத்தியசாலைகளில் தாதியாக வேலை செய்தவள். கடைசி இரண்டு வருடங்கள் கொவிட் விடுதியில் கழிந்தன. இணையத்தில் ஒருவருக்கு என்ன வருத்தம் என்று நிர்ணயிப்பது சரியல்ல, அதை நான் செய்யமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதற்குப் பெயர் இல்லாமல் இல்லை என்பதை நீங்கள் அறியவேண்டும். தீவிர சிகிச்சையிலிருந்து மீண்டவர்களுக்கு ஏற்படும் உடல், மனப் பாதிப்புகளை ஒரு தொகுப்பாக விவரித்து 2012இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் அறிக்கை வெளிவந்தபோது, நோயாளியின் குடும்பத்தவர்களுக்கும் தனியாக ஒரு பிரிவு வைத்தார்கள்; ஆங்கிலத்தில் அதைச் சுருக்கமாக PICS-F என்பார்கள். பதற்றம், மனச்சோர்வு, ஒரு சத்தமோ மணமோ பழைய கணத்துக்குள் தள்ளிவிடுவது, விலகாத துக்கம் ஆகியவை அதில் உண்டு. முக்கியமாக, நோயாளி பிழைத்த குடும்பங்களிலும் அது வரும். கட்டிலில் கிடந்தவர் காய்ச்சலின் மயக்கத்தில் பாதியை மறந்துவிடுவார்; பக்கத்தில் விழித்திருந்தவருக்கு ஒவ்வொரு நிமிடமும் நினைவில் நிற்கும்.

கத்தியதைப் பற்றி. ஒக்சிசன் குறையும்போது நோயாளிகளுக்கு எரிச்சலும் பிடிவாதமும் வருவது சாதாரணம். முகமூடியைக் கழற்றி எறிவார்கள். பயிற்சி பெற்ற நாங்களே, வேலை முறை முடிந்து வீட்டுக்குப் போக வழியிருந்த நாங்களே, சில இரவுகளில் குரல் உயர்த்தினோம். நீங்கள் ஏழு நாட்கள் மாற்றாள் இல்லாமல் நின்றீர்கள். ஒரு விடுதியில் ஒரு தாதியை அப்படி நிறுத்தினால் அதை நிர்வாகக் குற்றம் என்போம். வீட்டில் ஒரு மகள் நின்றால் பொறுமை போதவில்லை என்கிறோம். இது எனக்கு மிகவும் வேதனை தரும் விடயம்.

வைத்தியசாலை வாசலில் உறவினர்கள் கொடுத்துவிட்டுப் போகும் பைகளை நாங்கள்தான் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய்க் கொடுப்போம். பெயரும் கட்டில் இலக்கமும் எழுதிய கடதாசி ஒட்டியிருக்கும். ஒருமுறை ஒரு பையில் இடியப்பப் பொதியின் மேல் "அம்மா, கோபமில்லைத்தானே?" என்று மட்டும் எழுதிய துண்டு இருந்தது. அது உங்களுடையது அல்ல என்று நினைக்கிறேன், அது வேறு மாதம். அப்படிக் கேட்டவர்கள் பலர் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அப்பாவின் காரியம். பைபாஸ் முடிந்து முதல் நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார். குழாய்களும் இயந்திரச் சத்தங்களும் இருக்கும். முதல் தடவை உள்ளே போகும்போது தனியாகப் போகாதீர்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில், எதை எத்தனை தடவை அளக்கவேண்டும், எந்த எண் வந்தால் யாரை அழைக்கவேண்டும் என்று விடுதியில் கேட்டு எழுதி வாங்குங்கள். சொல்லாத எதையும் அளக்காதீர்கள். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ ஒக்சிமீற்றர் பிழையாகக் காட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாட்டிப் பார்ப்பதால் அப்பாவுக்கு நன்மை இல்லை, உங்களுக்குத்தான் கேடு. இரவை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைக் கணவரிடம் கொடுங்கள். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கும் வேலை கொடுங்கள்: உறவினர்களின் அழைப்புகள் அனைத்துக்கும் பதில் சொல்வது அவருடைய பொறுப்பு. சத்திர சிகிச்சைக்கு முன்பே உங்கள் குடும்ப வைத்தியரிடம் உங்களுக்காக ஒருமுறை போங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. உயிரை மாய்க்க நினைப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல அது.

கடைசியாக, அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறதா? ஸ்கண்டினேவிய நாடுகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியர் நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதி, அவர் தேறிய பின் கையில் கொடுக்கும் வழக்கம் பல காலமாக உண்டு. தான் இல்லாமல் போன நாட்களை அவர் அதில் வாசித்துக்கொள்வார். நீங்கள் அறியாமலே அப்படியொன்றை எழுதி வைத்திருக்கிறீர்கள். மனம் இடம் கொடுத்தால் அம்மாவோடு இருந்து வாசியுங்கள். மனம் இடம் கொடுக்காவிட்டால் வேண்டாம், அவசரமில்லை.

கொட்டாஞ்சேனைத் தம்பி, உங்கள் மனைவிக்கும் இதே பதில்தான். தண்ணீர் பிந்தியதால் யாரும் கொவிட்டால் இறப்பதில்லை என்று ஒரு தாதி சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

கொம்பனித்தெருச் சகோதரி சொன்னதை யோசித்துப் பார்த்தேன். என் மனைவி இப்போது இல்லை. இரத்மலானையில் அவர் எப்படித் தாங்கினார் என்று நான் ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. கடமையாகச் செய்து முடித்தோம் என்று எழுதினேன், செய்தவர் அவர். பிள்ளை, முன்னர் எழுதியதில் உமது மனம் நொந்திருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

வெள்ளவத்தை மகள்

எல்லோருக்கும் நன்றி. ஐயா, எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை. பத்து நாட்களாகப் பதில் எழுத முடியாமல் போனதற்கு மன்னியுங்கள்.

குடும்ப வைத்தியரிடம் போனேன். அவர் ஓர் உளவளத்துணையாளரிடம் அனுப்பியிருக்கிறார், முதல் சந்திப்பு வரும் புதன்கிழமை. அண்ணா மூன்று வாரங்கள் கொழும்புக்கு வருகிறார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. தாதி அம்மா சொன்னபடி அழைப்புகளை ஏற்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தபோது, சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் அப்ப உன்னைக் கேள்வி மட்டும்தானே கேட்டுக்கொண்டிருந்தனான்" என்றார்.

கொப்பியைத் தேடி எடுத்தேன். நேற்றுப் பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போய் இருந்து, விடயத்தைச் சொல்லி, கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். ஏழாம் நாள் இரவு 3.10க்கு நேரே எண் எதுவும் இல்லை. பேனை கிழித்த ஒரு கோடு மட்டும் இருந்தது. அது என்ன என்று கேட்டார். சொன்னேன். தனக்கு அப்படி எதுவும் நினைவில்லை என்றார். மின்தூக்கி கூட நினைவில்லையாம். யாரோ தலைக்கு மேல் கதைத்துக்கொண்டு போனதுதான் ஞாபகமாம்.

பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், தனக்குக் கொடுத்த கஞ்சி, சூப், பனடோல், கொத்தமல்லி எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டு வந்தார். கொப்பியை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாம் எழுதியிருக்கிறாய். நீ அந்த நாளெல்லாம் என்ன சாப்பிட்டனி?" என்று கேட்டார்.

நான் எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. அம்மா கொப்பியின் பக்கங்களை இன்னும் புரட்டித் தேடிக்கொண்டிருந்தார்.